சந்தனம் வைத்த இரண்டு பிளாப்பிகள்

எண்பதுகளின் கடைசியில், தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏ.சி. குளிர், கண்ணாடிக்கு வெளியே சாரல், திரையில் பச்சை எழுத்து. பாதி நேரம் விழித்திருந்தேனா, கனவில் இருந்தேனா என்றே தெரியாது.

உத்தமபாளையத்திலிருந்து ஒரு கல்லூரி டீச்சர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவார். எங்கள் பக்கத்துப் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பற்றி ஆறு வருஷ ஆராய்ச்சி. மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் அத்தனையும் வீண். மற்ற அத்தியாயங்களை அச்சடித்தாயிற்று. கடைசி அத்தியாயத்தை எழுத நேரமில்லாமல் வாயாலேயே சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, கொடிப்பந்தலுக்குக் கீழே நடப்பது போலவே இருக்கும் எனக்கு.

மெஷினுக்குள் எதுவும் தங்காது, எல்லாம் பிளாப்பி என்கிற மெல்லிய தட்டில்தான். நான் என்ன லேசுப்பட்டவளா? பெயர், தேதி ஒட்டி, ஒரு அசல், ஒரு நகல் என்று ஒரே டப்பாவில் அடுக்கியிருந்தேன். அதில் அப்படியொரு பெருமை.

ஆயுத பூஜை வந்தது. கீபோர்டு, பிரிண்டர், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பிளாப்பி உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும், அதில் உள்ளேயிருக்கும் தட்டு தெரியும். பொட்டு வைக்கத்தான் விட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அசலுக்கு வைத்தேன். நகல் கோபித்துக்கொள்ளுமே என்று அதற்கும் வைத்தேன்.

மறுநாள் மெஷினில் போட்டால் கறகறவென்று சத்தம். இரண்டுமே போயிற்று.

"அடிப்பாவி, ரெண்டையுமா கொன்ன!" என்று முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதேன்.

"அழுகாத ஆத்தா. சொன்னது நானு, அடிச்சது நீயி. ஆளுக்குப் பாதி ஞாபகம் இருக்காதா? உக்காரு."

மூன்று நாள் உட்கார்ந்தோம். அவர் தடுமாறிய இடத்தில் என் விரல் தானாக அடுத்த சொல்லை அடித்தது. "ஏயப்பா!" என்று அவர் சிரித்தார். சாயங்காலமானால் நகலைத் தன் பையில் போட்டு உத்தமபாளையத்துக்குக் கொண்டுபோய்விடுவார். கெடு முடிவதற்கு முதல் நாள் கொடுத்துவிட்டார்.

சில மாதம் கழித்து, பைண்டு செய்த புத்தகத்தோடு வந்தார்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. இது ஒன் வீட்டுல இருக்கட்டும். வேற ஊர்ல ஒரு நகல் வேணும்ல?"

எங்கள் ஊர் வீரபாண்டிக்கு பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். புதுப் புத்தகமாயிற்றே என்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதேன்.