ராகு காலம் பார்த்து அனுப்பின ஆதார்

ஸ்ரீரங்கத்துல ஜெராக்ஸ், பிரவுசிங், கூரியர்னு மூணையும் சேர்த்துக் கடை நடத்த மெஷினெல்லாம் அப்புறம்ங்க, முதல்ல தொண்டை வேணும். என்னை மாதிரி கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "ஐயோ, அதை அனுப்பாதீங்க"ன்னு கத்திக் கத்தி ஓய்ஞ்சவங்களுக்கு இது புரியும்.

நல்ல நேரம்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பார்க்கிற முருகேசன் சார், கோயிலுக்கு வந்த கையோட கடைக்கும் வந்தார். கூடவே பி.காம். முடிச்ச மகள் கவிதா. ஏதோ சென்னை கம்பெனி ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல கேட்குதாம். இன்டர்வியூ? இன்னும் நடக்கலையாம்! "இன்டர்வியூவே இல்லாம எதுக்கு சார் இதெல்லாம்? அது கம்பெனி நம்பர்தானான்னு பார்த்தீங்களா?"ன்னேன்.

அவர் பார்த்தது என் சுவத்துக் காலண்டரை. வெள்ளிக்கிழமை, மணி பதினொண்ணு. ஸ்கேன் பண்ணினதை மொபைல்ல வாங்கிக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்துட்டார். நான் கத்தினதை எல்லாம் பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றதும் சரிதான் மேடம். ராகு காலம் முடியட்டும், அனுப்பிடலாம்."

போர்டு

'பேங்க்ல இருந்து கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்'னு பெருசா எழுதி மாட்டியிருக்கேன். வேலை தேடி மருங்காபுரியிலேருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பாண்டி, அதுக்கு அடியிலேயே நின்னு போன்ல ஓ.டி.பி.யை ஒவ்வொரு எண்ணா ஒப்பிக்கிறார். பிடுங்கி கட் பண்ணினேன். வந்ததே கோபம் அவருக்கு! "போர்டைப் படிச்சேங்க. இவரு பேங்க் இல்லீங்க, ஹெச்.ஆரு!"

கூரியர்

கொஞ்ச நாள் கழிச்சு கவிதா தனியா வந்து, ஒட்டின கவரை நீட்டினா. தடவிப் பார்த்தா உள்ளே கார்டு. "சம்பள அக்கவுண்ட்டுக்குக்கா. ஏ.டி.எம். கார்டும் சிம்மும் கேட்டாங்க, சேர்ந்ததும் தந்துடுவாங்களாம்"னா. "பைத்தியமாடி உனக்கு? ஊரை ஏமாத்தின பணம் உன் கணக்கு வழியாப் போகும். போலீஸ் வந்தா கேஸ் உன் பேர்லதான். அப்புறம் எவன் உனக்கு வேலை கொடுப்பான்?"

நம்பவே இல்லை. கம்பெனியோட சொந்த வெப்சைட்டைத் தேடி எடுத்து, அதுல இருந்த நம்பருக்கு அவளையே பேச வெச்சேன். அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னுட்டாங்க. முகம் வெளுத்து, பெஞ்சுல உட்கார்ந்து அழுதா, பாவம்.

கார்டு தப்பிச்சுது. ஆதாரும் பானும் போனது போனதுதான். பேங்குக்குச் சொல்லி, சைபர் கிரைம்ல புகார் கொடுத்து, வேற யாரும் பயன்படுத்தாதபடி ஆன்லைன்ல ஆதாரைப் பூட்டி வெச்சோம். "யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"ன்னேன். "வேலையில சேர்ற வரைக்கும் மூச்சு விடாதே, கண்ணு பட்டுடும்னு அப்பா சொல்லிட்டாருக்கா. அந்தக் கம்பெனிக்காரரும் வெளியில சொல்லாதீங்கன்னுதான் சொன்னாரு."

அடுத்த வீடு

மகள் தப்பிச்சதுக்காக முருகேசன் சார் சமயபுரம் போய் வேண்டுதலை முடிச்சுட்டு, குங்குமத்தோட வந்தார். "உங்க குவார்ட்டர்ஸ்ல நாலு பேர்கிட்ட சொல்லி வைங்க சார். வேற எந்தப் பொண்ணாவது மாட்டிக்கப் போகுது"ன்னு கெஞ்சினேன். "சேச்சே, அசிங்கம் மேடம். நீங்களும் யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க"ன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டார்.

அடுத்த மாசம் பொன்மலையிலேருந்து ஒரு அம்மா மகளோட வந்தாங்க. முருகேசன் சாருக்கு அடுத்த வீடு. அதே கம்பெனி, அதே வாட்ஸ்அப் நம்பர். கார்டைப் போன வாரம்தான் அனுப்பினாங்களாம். இப்போ பொண்ணோட கணக்கை பேங்க்ல முடக்கியாச்சு, ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி நோட்டீஸும் வந்தாச்சு. அதைத்தான் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தாங்க. அந்த அம்மா குனிஞ்சு ரகசியமாச் சொன்னாங்க: "யார்கிட்டயும் சொல்லலை மேடம். எப்படியோ மோப்பம் பிடிச்சு, எல்லாம் அந்த முருகேசன் குடும்பம் கண்ணு வெச்சதுதான்."

நல்லது நடந்தா கண்ணு படும்னு வாயை மூடிக்கிறோம், ஏமாந்தா அசிங்கம்னு வாயை மூடிக்கிறோம், நம்ம தெருவுல வீடு வீடா மனசு விட்டுப் பேசறது அந்தத் திருடன் ஒருத்தன்தான்.