கூண்டில் சொன்ன ‘பேசினேன்’

கோர்ட்டில் வாயைத் திறக்கக் கூடாது. பிரக்கிராசியாரிடம் நான் தொழில் பழகச் சேர்ந்த அன்று அவர் போட்ட முதல் கட்டளை அதுதான். பரீட்சை பாஸாகிச் சத்தியம் செய்து கறுப்புக் கோட்டுப் போடும்வரை நீ அங்கே மூலையில் போட்ட ஒரு கதிரை மாதிரி, என்றார். கண்டியில் பெயரெடுத்த சிங்கள வழக்கறிஞர் அவர். நான் கெலிஓயாவில் சில்லறைக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியின் மகன். ஒழுங்காகப் பழகினேன் என்று அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நான் பரீட்சைக்கு உட்காரவே முடியாது. அந்தக் கையெழுத்தை நினைத்தே பாதி நாள் எனக்குச் சோறு இறங்காது. “வாப்பாட கடையிலேயே நிண்டிருக்கலாமே, மகன்” என்று உம்மா சொல்லும்போதெல்லாம் எரிச்சல் வரும். அவர் சொல்வது சரிதானோ என்ற பயமும் கூடவே வரும்.

அது ஒரு மழைக்காலம். கம்பளைக்கு அப்பால் மலைப்பக்கத்துச் சிறிய கோர்ட்டு ஒன்றில் எங்களுக்கு ஒரு வழக்கு. தோட்டத் தொழிலாளி ஒருவர் தோட்டத்துக் கிளாக்கரின் வீட்டுக்குப் போய் அவரை ஏசி மிரட்டினார் என்பது குற்றச்சாட்டு. மனுஷன் போனது, காய்ச்சலில் கிடந்த மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டு. ரயிலடியிலிருந்து கோர்ட்டுவரை என் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

“ஜெயில்ல போட்டுட்டா குடியிருக்கிற லயத்துக் காம்பராவப் பறிச்சிருவாங்கய்யா. சீக்காளிப் பொம்பளையும் புள்ளைகளும் எங்க போவாங்க?”

“நீங்க ஒண்டுக்கும் பயப்பட வாணாம்” என்றேன். பயப்படுவதற்கு நான் ஒருவனே போதும் என்கிற நிலையில் இருந்தேன்.

நீதவான் வெள்ளைக்காரர். பிரக்கிராசியாருக்கோ தமிழில் ஒரு சொல் தெரியாது. இருவருக்கும் காதாக இருந்தவர் கோர்ட்டு முதலியார். தமிழில் சொல்வதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லும் யாழ்ப்பாணத்துப் பெரியவர். கண்ணியமான மனிதர்தான். ஆனாலும் அவரைக் கண்டாலே நான் ஒதுங்கி வழி விடுவேன்.

பிரக்கிராசியாரின் கேள்வியை முதலியார் தமிழில் கேட்டார்: “கிளாக்கற்றை வீட்டை நீர் ஏன் போனனீர்?”

“பேசத்தாங்க போனேன். நல்லாப் பேசினேன். வேற ஒண்ணும் செய்யலீங்க.”

முதலியார் நீதவான் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: ஏசத்தான் போனேன், நன்றாக ஏசினேன், வேறொன்றும் செய்யவில்லை.

நீதவானின் பேனா ஓடியது. கண்டியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துச் சிநேகிதன், ‘அப்பா பேசுவார்’ என்று சொல்லிச் சொல்லி நடுங்குவான். அப்பா பேசினால் இவனுக்கு என்ன வந்தது என்று முதலில் எனக்கு விளங்கவே இல்லை. அவர்களுக்குப் பேசுவது என்றால் திட்டுவது. சாதாரணப் பேச்சைக் கதைப்பது என்பார்கள். தோட்டத்து ஆட்களுக்கோ பேசுவது வெறும் பேசுவதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்களிடம் அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். முதலியார் பொய் சொல்லவில்லை. தம் காதுக்குக் கேட்டதைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் கூடியது.

பிரக்கிராசியாரின் கோட்டு நுனியை இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார். மறுபடி இழுத்தேன். முறைத்தார். யா அல்லாஹ் என்று மனதுக்குள் சொன்னது நினைவிருக்கிறது; எழுந்து நின்றது நினைவில் இல்லை. கூண்டில் நிற்பவர் சொன்னது ஏசினேன் என்று அல்ல, உரையாடினேன் என்று, என என்னுடைய குரல் இங்கிலீஷில் கேட்டது.

“யார் இது?” என்றார் நீதவான். பிரக்கிராசியாரின் கழுத்து சிவந்தது. கையெழுத்துப் போயிற்று, இனிக் கெலிஓயாக் கடைதான் கதி என்று நினைத்தேன். நீதவான் என்னை விட்டுவிட்டு, மறுபடி கேளுங்கள் என்று முதலியாரிடம் சொன்னார்.

முதலியாரின் முகம் கடுகடுத்தது. “நீர் கிளாக்கரைப் பேசினனீர்தானே?” என்று அதட்டினார்.

“ஆமாங்க, பேசினேனுங்க” என்றார் மனுஷன் நடுங்கிக்கொண்டு.

என்னால் வந்த வினை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு தடவையோடு போயிருக்கும். இப்போது அதை உறுதிப்படுத்தியும் ஆயிற்று. “ஏசினாரா, கதைத்தாரா என்று கேட்கச் சொல்லுங்கள்” என்று பிரக்கிராசியாரிடம் கிசுகிசுத்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் தட்டுத்தடுமாறி நீதவானிடம் ஒப்பித்தார். முதலியார் வேண்டாவெறுப்பாகக் கேட்டார்.

“ஐயோ சாமி, ஏசலீங்க! பொண்டாட்டிக்கு முடியலேன்னு கதைச்சேன், அம்புட்டுத்தான்.”

முதலியார் உடனே மொழிபெயர்க்கவில்லை. நீதவான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு முதலியார் இறங்கிய குரலில், சரியாகவே சொன்னார்.

வழக்குத் தள்ளுபடியானது. மனுஷன் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மழையில் இறங்கி ஓடினார். பிரக்கிராசியார் நான் இழுத்த கோட்டு நுனியை நீவி விட்டுக்கொண்டார். அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுக்கச் சொன்னார்.

இடைவேளையில் முதலியார் வராந்தாவில் தனியாக நின்றார். ஏச்சு வாங்கத் தயாராகப் போய், மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தம்பி, தோட்டத்துச் சனம் கனபேர் இதுக்கு முதலும் அந்தக் கூட்டிலை நிண்டு பேசினேன் எண்டு சொன்னவை” என்றார். “அவையளையெல்லாம் நான் ஏசினவை எண்டுதானே...”