வாயால் சொல்லச் சொன்னேன்

ரயில் போகும்போதெல்லாம் ரூபி திரும்பிப் பார்ப்பாள். எங்கள் வீடு இரும்புலியூரில், தண்டவாளத்துக்கு மிக அருகில் இருந்தது. அவள் திரும்பியதால் காது கேட்கிறது என்று மூன்று வயது வரை நம்பினோம். பேச்சு மட்டும் தாமதம் என்று நினைத்தோம்.

ஒன்பது வருடத்துக்கு முன், அறுபதுகளின் நடுவில் அது. காது மருத்துவரிடம் ரயிலைப் பற்றிச் சொன்னேன்.

"தரை அதிருதும்மா. அது அவ காலுக்குத்தான் தெரியுது" என்றார்.

இரண்டு காதிலும் நரம்புக் கேளாமை (உட்செவியோ, ஒலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்போ பழுதான நிலை) என்று எழுதிக்கொடுத்தார். மருந்து இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. நான் அழவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஐந்து வயதில் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தோம். மார்பில் ஒரு சிறிய பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். அதுதான் காதுக் கருவி. பெட்டியை வைக்க என் ரவிக்கைத் துணியில் பை தைத்தேன். கருவி வெறும் இரைச்சலைத்தான் தந்தது. பேச்சுக்கு அவள் உதடு படிக்க (உதட்டசைவைப் பார்த்துச் சொல்லை அறிய) வேண்டும்.

அதற்குள் அவள் தானாகவே சில சைகைகளை உண்டாக்கியிருந்தாள். கண்ணைச் சுற்றி விரலால் வட்டம் போட்டால் அப்பா. அவர் கண்ணாடி போடுபவர். ஈரத்துணியைப் பிழிவதுபோல் இரண்டு கைகளையும் முறுக்கினால் வலி.

பள்ளி ஆசிரியை என்னை உட்காரவைத்துச் சொன்னார். "வீட்டுல கை பாஷை வேண்டாம்மா. கை வேலை செஞ்சா வாய் சோம்பேறி ஆயிடும். கையால கேட்டா குடுக்காதீங்க. வாயால சொல்ற வரைக்கும் காத்திருங்க."

அவர் நல்லவர். நாங்கள் விசாரித்த இடமெல்லாம் அப்போது அதையேதான் சொன்னார்கள்.

நானும் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீட்டுப்பாடம் என்றால் எனக்கு வீட்டுப்பாடம்தான். ரூபி கையைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் கணவர் எனக்குத் தெரியாமல் அவள் கேட்டதைக் கொடுத்துவிடுவார். பிடிபட்டால் சிரிப்பார்.

"நீ டீச்சரா, இல்ல ஸ்கூல் இன்ஸ்பெக்டரா?"

"நீங்கதான் அவளக் கெடுக்கறீங்க."

எட்டு மாதத்தில் மூன்று சொற்கள் வந்தன: அம்மா, பால், தா. அதனால் நான் இன்னும் உறுதியானேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவள் என் முன் நின்று கைகளை முறுக்கினாள். நான் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "வாயால சொல்லு. வலி." என் வாயையே பார்த்தாள். மறுபடி முறுக்கினாள். இட்லி வேண்டாம் என்பதற்குச் சாக்கு என்று நினைத்து அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியத்துக்குள் இன்னும் இரண்டு முறை வந்தாள். கடைசி முறை வாயைத் திறந்து, "தா" என்றாள். "தா இல்ல, வலி" என்று திருத்தினேன். அதன்பின் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வீம்பு என்று விட்டுவிட்டேன்.

மாலையில் கணவர் வந்து தொட்டுப் பார்த்தார். உடம்பு கொதித்தது.

ரிக்‌ஷாக்காரர் அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, கொழந்த நெருப்பா கீது. இவ்ளோ நேரம் வூட்ல இன்னா பண்ணிகினு இருந்தே?"

குடல்வால் அழற்சி (பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் சிறு வால் வீங்கிச் சீழ் பிடிப்பது). அது ஏற்கெனவே வெடித்திருந்தது.

"எப்போலேர்ந்து வலி?" என்று டாக்டர் கேட்டார்.

"சாயங்காலம்தான் சார் தெரிஞ்சுது" என்றார் கணவர்.

"காலையில ஏழரைக்கு" என்றேன்.

"அப்பவே சொன்னாளா?"

"சொன்னா."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காகிதத்தில் ஏழரை என்று எழுதிக்கொண்டார்.

அறுவை சிகிச்சைக்குப் பின் பதினெட்டு நாள் வார்டில் இருந்தோம். நர்ஸ் காயத்தைச் சுத்தம் செய்யும்போது ரூபி உதட்டைக் கடித்துக்கொள்வாள். கைகள் படுக்கையில் அசையாமல் கிடக்கும். நான்காம் நாள் நானே என் கைகளை முறுக்கிக் காட்டி, வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் தன் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் அந்த ஆசிரியையைப் பார்த்தேன். "மிஸ், இனிமே எங்க வீட்டுல வாயும் இருக்கும், கையும் இருக்கும்."

"பேச்சு லேட்டாகுமேம்மா."

"ஆகட்டும் மிஸ்."

உங்கள் பிள்ளைக்கும் காது கேட்காது என்று இப்போதுதான் தெரிந்திருந்தால், பேச்சைக் கற்றுக்கொடுங்கள், பயிற்சியை விடாதீர்கள். ஆனால் பிள்ளை கையால் சொல்வதும் சொல்வதுதான். அதற்கு அப்போதே பதில் கொடுங்கள்.

ரூபிக்கு இப்போது பன்னிரண்டு வயது. வாயால் கொஞ்சம் பேசுகிறாள், கையால் நிறைய. என்னிடம் எல்லாம் சொல்கிறாள், வலியைத் தவிர. சென்ற மாதம் பல்வலி வந்தபோது அப்பாவிடம் போய்க் காட்டினாள். நானும் அதே அறையில்தான் இருந்தேன்.

அந்தக் காலைக்கும் மாலைக்கும் நடுவில் இருந்த நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை. எந்த வேலையில் இருந்தாலும் சிறிது நேரத்துக்கொரு முறை என் உடம்பு தானாகத் திரும்பி அவளைத் தேடுகிறது. பெரும்பாலும் அவள் ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள். நிமிர்ந்து, என்ன என்று கேட்பாள்.

ஒன்றுமில்லை என்று கையால் சொல்கிறேன்.