முகம் மட்டும் பாக்கி

அலர்மேல்மங்கை விருப்ப ஓய்வு பெற்று வெளியேறியபோது, அந்தத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் அவளுக்கு இணையாகக் கோடிழுப்பவர் எவரும் இல்லை. பொறியாளர்கள் வரைந்து தரும் இயந்திர உறுப்புகளை டிரேசிங் தாளில் மையால் படியெடுப்பது அவள் வேலை. கோடு மயிரிழை பிசகினாலும் பிளேடின் முனையால் மையைச் சுரண்டிவிட்டு மறுபடி இழுப்பாள். சுரண்டிய தடம்கூடத் தெரியாது.

மல்லேஸ்வரத்து வீட்டில் எண்ணெய்ச்சாயம் தீட்டப் பழகியபோதும் அந்த பிளேடு கூடவே வந்தது. 1998 தசரா கழிந்ததும், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த கணவர் ஆராவமுதனைச் சன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து வரையத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு சீதாலட்சுமி, தங்கள் மகளிர் மன்றத்தின் யுகாதிக் கண்காட்சியில் நடுச்சுவரை அந்தப் படத்துக்கென்றே ஒதுக்கிவைத்தாள். காலமெல்லாம் பிறர் வரைந்ததைப் படியெடுத்தவளுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு படமாவது வேண்டியிருந்தது.

சட்டை மடிப்பு வந்தது. கை நரம்புகள் வந்தன. உதடு வரவில்லை. ஆராவமுதனுக்கு உதடு வலப்பக்கம் சற்றே கோணியிருக்கும். நேராக வரைந்தால் அவர் முகமாக இல்லை. கோணலாக வரைந்தால் தன் கை பிசகியதுபோல் உறுத்தியது. சுரண்டினாள்.

"ஏன்னா, வாயைக் கொஞ்சம் நேரா வெச்சுக்கோங்கோளேன்."

"எங்கப்பா குடுத்த வாய். கம்ப்ளெயிண்ட் இருந்தா அவர்கிட்டப் பண்ணு."

மாசி மாதம் சீதாலட்சுமி வந்து பார்த்தாள். "அப்படியே மாமாதான்! போதும் மாமி, போதும். இனிமே கை வெக்காதீங்கோ."

அவள் படியிறங்குவதற்குள் அலர்மேல்மங்கை பிளேடை எடுத்துவிட்டாள்.

யுகாதிக்கு முந்தின நாள், சாயம் ஏறி ஏறித் தடித்துப்போயிருந்த அந்த இடத்தில் பிளேடு ஆழ இறங்கியது. படம் தீட்டியிருந்த துணி கிழிந்தது. சத்தம் கேட்டு ஆராவமுதன் எழுந்து வந்தார். தன் வாய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்தார்.

"புதுத் துணி போட்டு ஆரம்பிச்சுடலாம்" என்றாள் அவள். "அடுத்த வருஷக் கண்காட்சிக்கு வெச்சுக்கலாம். நாளைக்கே உட்காருங்கோ."

"நீ வரையறேன்னு நெனச்சேன். நீ என்னைத் திருத்திண்டிருந்திருக்கே." அவர் குரலில் கோபம் இல்லை. "ஒண்ணு கேக்கறேன். இந்த மூஞ்சி கோணல்னு இப்போதான் தோணித்தா, கல்யாணத்தன்னிக்கே தோணித்தா?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யையும் பிசிறில்லாமல் சொல்ல வேண்டுமே என்று அவள் சொல் தேடினாள். தேடிய நேரத்திலேயே அவருக்கு விடை கிடைத்துவிட்டது.

கண்காட்சியின் நடுச்சுவரில் சீதாலட்சுமி பின்னிய மயில் தொங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள். அதன் ஒரு கால் நீளம் என்பதை அலர்மேல்மங்கை மட்டும் கவனித்தாள்.

ஆராவமுதன் அதன் பிறகும் அதே நாற்காலியில்தான் அமர்ந்தார். அவளுடைய காலடி கேட்டால் மட்டும் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார்; அவள் கூடத்தைக் கடந்து போகும்வரை இறக்க மாட்டார்.