நடு ரோட்டில் நாகஜோதி

நாகஜோதி மிளகாயைக் காலால்தான் கிளறுவாள். சேலையைக் கெண்டைக்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, பாதத்தைத் தார்ச்சாலையோடு தேய்த்து நடப்பாள். அவள் போன தடத்தில் மிளகாய் இரண்டு பக்கமும் ஒதுங்கி, அடியில் கிடந்தது வெயிலுக்கு மேலே வரும். நடக்கும்போதே குனிந்து வெளுத்துப்போன வத்தலைப் பொறுக்கி எறிவாள். எறியும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதவி கொடுப்பாள். "இது வார்டு மெம்பரு. இது ஒன்றியம். இந்தா, இது மந்திரி. தூக்கிப் பாத்தா வெயிட்டே இல்ல."

என் தங்கைக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஒல்லியான உடம்பு. மிளகாய் பட்ட கை என்பதால் முகத்தைத் தொடமாட்டாள். வியர்வையைத் தோளில் தேய்த்துக்கொள்வாள். சாயாவை ஆறவைத்துத்தான் குடிப்பாள். இன்ஸ்பெக்டரையும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். சாயல்குடிப் பக்கம் மானாவாரிக் காட்டில் மிளகாய் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. நான் எட்டாவதோடு நின்றேன். அவள் அதுவும் இல்லை.

ஊருக்கு மேற்கே சோலார் கம்பெனி ஒன்று நிலம் வாங்கி மதில் எழுப்பியது. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அந்த மதிலுக்குள் மாட்டிக்கொண்டது. ஐப்பசி மழைக்கு முன்னால், அந்தக் கால் போகிற இடத்தில் மட்டும் மதிலைத் திறந்துவிடுங்கள் என்பதுதான் ஊர் கேட்பது. திறக்காவிட்டால் கண்மாய் நிறையாது. குடிக்கவும் தண்ணீர் இருக்காது. மனு கொடுத்தோம். இரண்டு பெரிய கட்சிக்காரர்களிடமும் போய் நின்றோம். கம்பெனித் திறப்பு விழா பேனரில் இரண்டு கட்சிக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி அதை நின்று பார்த்தாள். "நம்ம ஒருநா ஓட்டுப் போடுறோம்ணே. மிச்ச நாளெல்லாம் இவிங்க நமக்கு நாமம் போடுறாக" என்றாள்.

மறியல் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, கேஸ் போட்டுவிடுவார்கள் என்று ஆண்கள் பின்வாங்கினார்கள். அவள்தான் கேட்டாள்: "மறியலுக்குத்தான கேசு? வத்தல் காயப்போட்டதுக்கு எவன் மேல கேசு போட்டிருக்காக?"

அறுப்புக் காலத்தில் சாலையில் பாதியை மிளகாய்க்கு விட்டு மீதியில் வண்டி போவது எங்கள் பக்கத்து வழக்கம். காய்கிற வத்தல்மேல் இந்த வட்டாரத்து டிரைவர் எவனும் டயர் ஏற்றமாட்டான். சோற்றை மிதிப்பது மாதிரி அது. நாகஜோதி பெண்களைத் திரட்டிக்கொண்டுபோய், கம்பெனிக்குப் போகிற சாலையில் முழு அகலத்துக்கும் வத்தலைப் பரப்பினாள். லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கி மரத்தடியில் சீட்டாடினார்கள். கிளறிவிட வந்த டிரைவர் ஒருவனை, "ஏலே, செருப்பக் கழட்டிட்டு வா" என்று அவள் அதட்டினாள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் தும்மல் தாங்காமல் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மேடையேறிப் பேசத் தெரியாதவள் ஒரு கம்பெனியை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு நான் யாரைப் பார்த்தாலும் என் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது அப்படித் திரிவதில்லை. கம்பெனி உள்ளூர் டிரைவர்களை நிறுத்திவிட்டு வடக்கேயிருந்து ஆள் கொண்டுவந்திருக்கிறது. அங்கே மண் அடிக்கிற காண்ட்ராக்ட் தங்கப்பாண்டிக்கு. எங்கள் ஊர்க்காரன்தான். டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எனக்கும் ஒரு டீ சொன்னான். குரலை உயர்த்தவே இல்லை.

"வெளியூர்ப் பயலுக மாமா. அவிங்களுக்கு வத்தலும் தெரியாது, ஒங்க தங்கச்சியும் தெரியாது. பிரேக்கு பிடிக்கலைன்னா ஆக்சிடென்டுன்னு எழுதிட்டுப் போயிருவாக."

அந்த டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அவளிடம் அப்படியே சொன்னேன். வத்தலை ஓரமாகப் போடச் சொன்னேன். "சரிண்ணே, ஓரமாப் போடச் சொல்றேன்" என்றாள். ஆறுதலாக இருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், மற்ற பெண்களை எல்லாம் ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, நடு ரோட்டில் தன் வத்தலை மட்டும் பரப்பியிருந்தாள்.

அதிலிருந்து லாரிச் சத்தம் கேட்டாலே வேலையைப் போட்டுவிட்டுச் சாலைக்குப் போய்விடுகிறேன்.

நேற்று வந்த லாரி வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே வந்தது. முன்சக்கரம் வத்தலில் ஏறியது. நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிரேக் போட்டு நின்றபோது பம்பருக்கும் அவளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது. டிரைவர் எங்களுக்குப் புரியாத பாஷையில் கத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. வண்டி உறுமிக்கொண்டே ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் வந்தது.

நான் ஓடிப்போய் லாரிக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன். "வாத்தா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தார் உருகுகிற வெயிலில் அவள் கை சில்லிட்டிருந்தது. அந்தக் கையாலேயே என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.