தங்கவேல் மறக்க நினைத்த முகம்

எங்கள் தொழிலில் ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. ரெண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, பேச ஒரு ஆள், கேட்க நான், அவ்வளவுதான். விபத்து, தீ, திடீர்ச் சாவு என்று எதையாவது கண்ணால் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் என்னிடம் வருகிறார்கள். பாதி வாரம் கோயமுத்தூரில் ஒரு மாடி அறையில் அவர்களைப் பார்க்கிறேன். மீதி வாரம் ஒரு கல்லூரியில் இதே வேலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "பேசறதுக்கு ஒரு படிப்பா?" என்று என் சொந்த அண்ணனே கேட்கிறான், போங்க.

யாராவது அழும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் நீங்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பீர்கள்தானே? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. சம்பந்தப்பட்டவர்கள் சரியென்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

பல் ஆஸ்பத்திரி மாடியில்

என் அறைக்குக் கீழே பல் ஆஸ்பத்திரி. எனக்கு அது பெரிய உபகாரம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் பல் வலி என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். கவுன்சிலிங் என்றால் நம் பக்கத்தில் இன்னமும் பைத்தியத்துக்கு வைத்தியம் என்றுதானே அர்த்தம்?

கலாமணியும் அப்படித்தான் வீட்டுக்காரர் தங்கவேலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்னூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு மினி பஸ் ஓட்டியவர். ஒருநாள் சாயங்காலம் ரோட்டின் குறுக்கே ஓடி வந்த ஏழு வயதுப் பெண்குழந்தை அவர் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது. தப்பு அவர் மேல் இல்லை என்று போலீஸே சொல்லிவிட்டது. பஸ் முதலாளியும் திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இவர்தான் ஸ்டீரிங்கைத் தொடமாட்டேன் என்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை, பெற்ற மகளைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. இத்தனையையும் கலாமணிதான் சொன்னாள், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பல தடவை வர வேண்டியிருக்கும், வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "பல்லுக்கு வேர் சிகிச்சைன்னு சொல்லிப்போட்டனுங்க்கா. அதுக்குத்தான் மாசக்கணக்குல இழுத்தடிப்பாங்களாமா."

பத்துக்கு எத்தனை?

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. "அதை நினைச்சா இப்ப எவ்வளவு கஷ்டமா இருக்கு? ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து" என்று ஒவ்வொரு முறையும் கேட்போம். தங்கவேல் முதல் தடவை ஆறு என்றார். அப்புறம் அஞ்சு, அப்புறம் நாலு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம்ம வைத்தியம் வேலை செய்கிறது என்று ஒரே குஷி.

அந்த வாரமே கலாமணி போன் செய்தாள். தெருவில் எவனோ ஹாரன் அடித்ததும் தங்கவேல் நடு ரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறார். அடுத்த முறை வந்தபோது கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், "ஏனுங்கண்ணா, நாலுன்னு சொன்னீங்களே?" மனிதர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்களும் எனக்காக இவ்வளவு பாடு படறீங்க. ஒம்பதுன்னு சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னுதானுங்க மேடம்." ஊரே மரியாதைக்குப் பேர்போனதாக இருந்தால் எங்கள் பாடு இப்படித்தான்.

தட்டு நிறைய சிப்ஸ்

கல்லூரியில் அந்த வாரம் 'மௌனம்' பாடம். எதிரில் இருப்பவர் அழுதால் குறுக்கே பேசாதே, தட்டிக்கொடுக்காதே, அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதே, கூடவே இரு. இதுதான் பாடம். ஒரு பெண்ணை அழுவதுபோல் நடிக்கச் சொல்லிவிட்டு, எதிரே பொள்ளாச்சிக்காரி சிவகாமியை உட்கார வைத்தேன். அந்தப் பெண் விசும்பியதுமே சிவகாமி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்புறம் கேன்டீனில் டீ. கடைசியில் தன் பையிலிருந்து நேந்திரம் சிப்ஸை எடுத்துத் தட்டில் கொட்டி நீட்டினாள். வகுப்பே சிரிக்கிறது, அழவேண்டியவளும் சிரிக்கிறாள். நான் திட்டினேன். சிவகாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒருத்தி அளுகறப்ப சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்கு எங்கூட்ல என்னைய வளர்த்துலீங்க மேடம்."

அவர் சொன்னது

மறுநாள் தங்கவேல் வந்தார். எத்தனை என்று நான் கேட்கவில்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வெகுநேரம் கழித்து அவராகவே ஆரம்பித்தார்.

அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அவர் பஸ் என்றால் உயிராம். தூரத்தில் பார்த்ததுமே கை காட்டுவார்களாம், இவரும் ஹாரன் அடிப்பாராம். அன்றைக்கு அந்தக் குழந்தை மித்ரா எதிர்ப்பக்கம் மளிகைக் கடை வாசலில் நின்று கை காட்டியிருக்கிறாள். வழக்கம்போல இவர் ஹாரன் அடித்தார். அவ்வளவுதான், குழந்தை குடுகுடுவென்று ஓடி வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தார், மிதித்தும் பிரயோஜனமில்லை. ஹாரன் அடித்ததைப் போலீஸிலும் சொல்லியிருக்கிறார். ஆனால் இதற்கு மேல் ஒன்றை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. "பயந்து போய்ப் பாத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்குமுங்க. என்னையப் பாத்துச் சிரிச்சுட்டே வந்துச்சுங்க மேடம். அந்த மொகத்த மட்டும் மறக்க வச்சிருங்க, வேற எதுவும் வேண்டாமுங்க."

சொல்லி அனுப்பினாள்

மறக்க வைக்க என்னால் முடியாது, எந்தக் கொம்பனாலும் முடியாது. வேதனையைக் கொஞ்சம் மழுங்க வைக்கலாம், அவ்வளவே. அதை அவரிடம் சொன்ன நாளில் எனக்கே என் தொழில் வெறுத்துப்போனது.

இதற்கிடையில் மித்ராவின் அம்மா சுமதி, அந்த மளிகைக் கடைக்காரர் மூலம் சொல்லி அனுப்பினாள்: "அந்த டிரைவரை ஒருக்கா எங்கூட்டுக்கு வரச்சொல்லுங்க." போனால் அடிப்பார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று கலாமணி அழுதாள். எனக்கும் பயம்தான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், மனசு தாங்காது என்று தடுத்துப் பார்த்தேன். தங்கவேல் முதல்முறையாக என் பேச்சை மறுத்தார். "ஆகாதவன் ஊட்டு எளவுக்கே போய்த் துக்கம் விசாரிச்சிருக்கறனுங்க மேடம். இந்த ஊட்டுக்குப் போகாம நான் என்ன மனுசனுங்க?"

அந்த வீட்டில்

தங்கவேல் இன்றுவரை வண்டி ஓட்டவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்ல முடிவு வரும் என்று ஆசையாகப் படித்துக்கொண்டு வராதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கவேல், கலாமணி, நான் மூன்று பேரும் போனோம். எங்களைப் பார்த்ததும் மித்ராவின் அப்பா எழுந்து வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுமதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கவேல் குடித்ததில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. அவள் அழவில்லை, ஏசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "எம்புள்ள ரொம்பப் பயந்துபோச்சுங்களா?" அத்தனை மாதமும் படுத்தால் எழுந்தால் அந்த ஒரே கேள்விதானாம் அவளுக்கு. தங்கவேல் என்னைப் பார்த்தார். அவரே சொன்னார். கை காட்டியது, ஹாரன் அடித்தது, சிரித்துக்கொண்டே ஓடி வந்தது, எதையும் மறைக்கவில்லை. "பயந்துக்க நேரமே இல்லீங்க அம்மணி. சிரிச்ச மொகமாவே இருந்துச்சுங்க" என்றார். சுமதி அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும்தான் அழுதேன், என் மாணவர்கள் யாரும் பார்க்கவில்லை.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, பேசாமல் எழுந்து நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தங்கவேலுக்கும் தெரியும். ஆனாலும் ஆயுசுக்கும் ஊறிப்போன பழக்கம், வாசற்படியில் திரும்பிக் கைகூப்பி, "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டார். கலாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் நின்ற அப்பா வெடுக்கென்று திரும்பினார். சுமதி மெதுவாக எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாங்கண்ணா. எல்லாரும் எங்கிட்ட மறந்துரு மறந்துருங்கறாங்க. எம்புள்ள சிரிச்சதக் கடைசியாப் பாத்தது நீங்க ஒருத்தருதான். நீங்களும் மறந்துபோட்டீங்கன்னா நான் ஆருகிட்டப் போயிக் கேப்பேன்?"

மறுநாள் கல்லூரியில் நான் எடுக்க வேண்டியிருந்த பாடம் 'துயரத்தைக் கையாளும் முறைகள்'. தொண்டை சரியில்லை என்று பொய் சொல்லி லீவு போட்டுவிட்டேன், வேறு என்னத்தைச் செய்யச் சொல்கிறீர்கள்?