அஞ்சலையக்கா போட்ட இரண்டு முடிச்சுகள்

ஜொகூர் பாருவில் மரக்கிடங்கில் பலகை இறக்கிக்கொண்டிருந்தேன். முன்பு நான் இருந்த லாயாங் லாயாங் தோட்டத்திலிருந்து காலை ரயிலில் வந்த ஆள் ஒருவர், "அஞ்சலையக்கா போயிட்டாங்க. நேத்து சாயங்காலம் எடுத்தாச்சு" என்றார். கை தானாகப் பலகையை இறுகப் பிடித்தது. உள்ளங்கையில் மரச் சிலாம்பு ஏறியது. ஊருக்கே முள்ளெடுத்தவரின் சாவுச் செய்தி சிலாம்போடுதான் வந்து சேர்ந்தது!

அக்காவை அறிந்தவர்களே, நம் தோட்டத்து லயத்தில் அவரிடம் கையையோ காலையோ நீட்டாதவர் யார்? அன்னாசி முள்ளோ, விறகுச் சிலாம்போ, சேலைத் தோளில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றி விளக்கில் காட்டுவார். எங்கே குத்தியது, எப்படிக் குத்தியது என்று நாம் ஆரம்பித்தால், "கைய நீட்டு, கதைய அப்புறம் பேசு" என்பார். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று கங்காணி ஒருமுறை சொல்லிவிட்டார். "இதை மொதல்ல சொன்னவனைக் கூட்டியாங்க. அவன் கால்ல ஒண்ணைக் குத்திட்டு இன்னொண்ணால எடுத்துக் காட்டட்டும்" என்று அக்கா போட்ட போட்டில் லயமே சிரித்தது.

என் கல்யாணத்தைச் சொல்லாமல் விட முடியுமா? அன்று காலை பந்தலுக்கு ஒரு மூங்கில் குறைந்தது. மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே வெட்டப் போனேன். திரும்பும்போது பத்து விரலிலும் மூங்கில் சுணை. கண்ணுக்கே தெரியாது; விரலை மடக்கினால் நெருப்பு. தாலிக்கு முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் அவன் சகோதரி. நானோ தனியாகக் கப்பலேறி வந்தவன், கூடப் பிறந்த பெண் கிடையாது. மூன்றையும் நானே போட்டாக வேண்டும். முகூர்த்தம் தவறினால் பெண் இல்லை என்று பார்வதியின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா என் கையைப் பார்த்தார். "இதுக்கு ஊக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு, பால் வெட்டும் கத்தியோடு பக்கத்து ரப்பர் மரத்துக்கு ஓடினார்.

"பால்வெட்டு இல்லாத நாள்ல மரத்துல கத்தி வைக்கிறியா?" என்று கங்காணி கத்தினார்.

"தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன், தள்ளுங்க!"

வடிந்த பாலைச் சிரட்டையில் பிடித்து என் கைகளில் பூசி, கல்யாண அடுப்பின் அனலில் காய வைத்தார். பால் இறுகியதும் மணிக்கட்டில் நகத்தைக் கொடுத்து ஒரே உரி! நான் போட்ட சத்தத்தில் நாயனக்காரர் வாசிப்பையே நிறுத்திவிட்டார். உரித்த பால்தோலில் சுணையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது, கூடவே என் கை ரோமமும். "அலறாதடா, பொண்ணு ஓடிடும்" என்று மறு கையையும் உரித்தார்.

பாய்ந்து போய் மணையில் உட்கார்ந்தேன். முதல் முடிச்சு விழுந்தது! இரண்டாவதற்கு வீங்கிய விரல் வழுக்கியது. குனிந்திருந்த பார்வதி, "அக்காவைக் கூப்பிடுங்க" என்றாள் மெதுவாக.

அக்கா கைம்பெண். பந்தலுக்குள் வராமல் அடுப்படியிலேயே நின்றார். "அக்கா, வாங்க! இவளுக்கு நாத்தனார் நீங்கதான்!" என்று கூவினேன்.

"தாலியறுத்தவ தாலியத் தொடுறதா?" என்று மாமனார் எழுந்துவிட்டார்.

எதற்கும் வாய் ஓயாத அக்கா, "வேணாம் தம்பி" என்று மட்டும் சொன்னார். பார்வதி தலை நிமிர்ந்தாள். "கழுத்து என்னோடதுப்பா. வாங்கக்கா, நேரம் போவுது."

அக்கா வந்தார். இரண்டு முடிச்சையும் இழுத்துப் போட்ட வேகத்தில் பார்வதி பின்னால் சாய்ந்தாள். பிறகு தன் தோளிலிருந்த ஊக்கைக் கழற்றிப் புதுத் தாலிக்கயிற்றில் மாட்டினார். "வச்சிக்க. இவன் கை சும்மா இருக்காது" என்றார். மேளம் அதிர்ந்தது. அக்கா அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஓர் அக்கா கிடைத்த சந்தோஷத்தில் நான் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

செய்தி கேட்ட அன்று வீட்டுக்கு வந்து, சிலாம்பேறிய கையோடு, "காலையில ரயில்ல..." என்று தொடங்கினேன். பார்வதி தாலியிலிருந்த ஊக்கைக் கழற்றி விளக்கில் காட்டினாள். "கைய நீட்டுங்க, கதைய அப்புறம் பேசுங்க." சிலாம்பு வந்துவிட்டது. அதன் பிறகு கதையைச் சொன்னேன். ஊக்கைத் திரும்ப மாட்ட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அக்கா கொடுத்த ஊக்கு எங்களிடம்தான் இருக்கிறது. யாருக்கு முள் குத்தினாலும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கையை நீட்டுங்கள், கதையை அப்புறம் பேசுவோம்.